லிகாயாவின் சொந்தக் குரல்

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் பெண் நின்றாள். காதில் ஹெட்போன், முன்னால் மைக், பக்கத்தில் வசனத் தாள்கள். எதிரே இருந்த திரையில் லிகாயா அக்காவின் முகம் பெரிதாகத் தெரிந்தது. அக்காவின் உதடுகள் அசைந்தன. வந்த குரலோ அந்தப் பெண்ணுடையது.

நல்ல குரல். குறை சொல்ல ஒன்றுமில்லை. தெளிவான டொச், அதாவது ஜெர்மன் மொழி, வேண்டிய இடத்தில் சின்ன நடுக்கம். உதட்டசைவோடு அச்சாகப் பொருந்தியது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அரை இருட்டில், நாங்கள் மூன்று பேர் இருந்தோம். லிகாயா அக்கா, படத்தின் இயக்குநர் யோஹன்னா, நான். தரைக் கம்பளத்திலிருந்து பழைய கோப்பி மணம் எழும்பிக்கொண்டிருந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். காலை வேலை முடித்து நேரே வந்திருந்ததால் அவருடைய கையில் இன்னும் கிருமிநாசினி வாசம்.

காட்சி முடிந்தது. விளக்கைப் போட்டார்கள். யோஹன்னா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“எப்பிடி இருக்குது?”

“அந்தப் பிள்ளை வடிவாச் செய்திருக்கிறா,” என்றார் அக்கா. “ஆனா இப்ப அழுதது நான் இல்லை.”

அக்கா ஏன் அப்படிச் சொன்னார் என்று யோஹன்னாவுக்கு அப்போது முழுக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டுமென்றால் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வகுப்பறையில் ஒரு கிழவி

பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில், ஓர் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிய காலத்தை இந்தப் பத்தியில் போன கிழமை எழுதியிருந்தேன். அந்த நீராவியிலிருந்து வெளியே வர நான் பிடித்த வழி அவுஸ்பில்டுங். முதியோரைப் பராமரிப்பதற்கான தொழிற்பயிற்சி. பாதி நாள் வகுப்பு, பாதி நாள் முதியோர் இல்லத்தில் வேலை.

வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்தான் லிகாயா. பிலிப்பைன்ஸ்காரி. என்னைவிடச் சில வயது மூத்தவர். கறுத்த ஸ்வெட்டர், வாரி இழுத்துக் கட்டிய முடி, எப்போதும் ஜன்னல் பக்கம் பார்வை. அவசியமில்லாமல் வாய் திறக்க மாட்டார். அவர்கள் மொழியில் அக்காவை ‘ஆத்தே’ என்பார்களாம். எனக்கு அக்கா என்று வந்ததால் அதுவே நிலைத்துவிட்டது. நாங்கள் கதைத்துக்கொண்டது டொச்சில். இரண்டு பேருக்கும் அது கடன் வாங்கிய மொழி. இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

ஒரு நாள் ஆசிரியை நடிப்புப் பயிற்சி ஒன்று வைத்தார். ஒருவர் நினைவு தடுமாறிய மூதாட்டியாக நடிக்க வேண்டும். மற்றவர் அவரைச் சாப்பிட வைக்க வேண்டும். எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்து முடித்தோம். கடைசியில் அக்காவின் முறை வந்தது. தாதியாக நான்.

அக்கா கதிரையில் இருந்தார். அவ்வளவுதான் செய்தார் என்று நினைக்கிறேன். ஆனால் இருந்தவர் வேறு யாரோ. தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. விரல்கள் பாவாடை ஓரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தன. நான் கரண்டியை நீட்டினேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையில் எனக்கு என் வசனம் மறந்துபோனது. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத ஒருவர், அதைக் கேட்கவும் வெட்கப்படுகிற ஒருவர், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தச் சொல்ல வேண்டிய ஆசிரியை கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் கேட்டேன்.

“அக்கா, இதை எங்க பழகினீங்கள்?”

அக்கா தன் அப்பிளை இரண்டாக வெட்டி ஒரு பாதியை என்னிடம் தந்தார்.

“முந்தி ஒரு காலம் இதுதான் என்ர வேலை,” என்றார்.

மழையில் நின்றவள்

அன்றிலிருந்து துண்டு துண்டாகச் சொன்னார். பஸ்ஸில் கொஞ்சம், உடுப்பு மாற்றும் அறையில் கொஞ்சம். நான் கோர்த்து எழுதுகிறேன்.

அக்கா பானாய் என்ற தீவில் பிறந்தவர். தலைநகர் மணிலாவுக்கு வந்து ஒரு தையற்கடையில் சேர்ந்தார். சினிமாவுக்கு உடுப்புத் தைக்கிற கடை. ஒரு நாள் படப்பிடிப்புக்கு உடுப்புக் கொண்டுபோனார். மழைக் காட்சி. கதாநாயகிக்குப் பதிலாக நனைய வேண்டிய பெண் வரவில்லை. உடுப்புக் கொண்டுவந்தவளின் உயரம் சரியாக இருந்தது. முதுகு மட்டும் தெரிந்தால் போதும் என்று நிற்க வைத்தார்கள்.

குழாயிலிருந்து செயற்கை மழை கொட்டியது. எடுத்து முடிந்த பிறகும் கமெராக்காரர் கமெராவை நிறுத்தவில்லை.

“பிள்ளை, இஞ்சால திரும்பு,” என்றாராம்.

திரும்பினார். அடுத்த படத்தில் கதாநாயகியின் தங்கை. அதற்குப் பிறகு கதாநாயகி. லிகாயா மொந்தெரோ என்ற பெயர் மணிலாவில் தியேட்டர் முகப்பு முழுக்க நின்ற வருடங்கள் இருந்தன. பஸ்களின் பின்பக்கத்தில் அவருடைய முகம் வரைந்திருப்பார்களாம். அழுகிற வேடமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரே ஒரு குறை. அவர் பேசும் விதம்.

பானாய்க்காரர் பேசுவது இழுத்து, ஏற்றி இறக்கி, பாடுவது போல இருக்கும். கோபத்தில் திட்டினாலும் கொஞ்சுவது போலக் கேட்கும். மணிலா சினிமாவில் அப்படிப் பேசுகிறவள் வீட்டு வேலைக்காரி, அல்லது சிரிப்புக்கு வருகிறவள். கதாநாயகி அப்படிப் பேச ஏலாது. அதனால் முதல் படத்திலேயே அவருக்கு வேறொரு பெண்ணின் குரலை வைத்தார்கள். பிறகு ஒவ்வொரு படத்திலும் அதே பெண்ணின் குரல். சனங்கள் அந்தக் குரலைத்தான் லிகாயா என்று நம்பினார்கள். பேட்டிகளில் அதிகம் பேச வேண்டாம் என்று படக் கம்பனி சொல்லி வைத்திருந்தது.

நமக்கு இது புதிதில்லை. வடக்கிலிருந்து வந்த எத்தனை கதாநாயகிகள் யாரோ ஒருத்தியின் தமிழில் அழுதிருக்கிறார்கள். நானும் கைதட்டிப் பார்த்தவள்தான். திரைக்குள் இருப்பவளுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை.

பேச்சு விஷயம் எனக்குக் கொஞ்சம் தெரியும். எர்லாங்கன் நகரில் என் தங்கையின் வீட்டுக்குப் போனபோது தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு எஞ்சினியர் குடும்பம் விருந்துக்கு வந்திருந்தது. நல்ல மனிதர்கள். நான் கால் மணித்தியாலம் கதைத்த பிறகு அந்தப் பெண் கேட்டார், “உங்க ஸ்லாங் ரொம்ப ஸ்வீட்டா இருக்குங்க, நீங்க கேரளாவா?” நான் யாழ்ப்பாணத்துத் தமிழைத்தான் கதைத்தேன். சிரித்துச் சமாளித்தேன். அதற்குப் பிறகு அன்று முழுக்க ஓம், இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டேன். இதை அக்காவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அக்காவின் அம்மா, மகள் நடித்த முதல் படத்தை ஊர்த் தியேட்டரில் பார்த்தார். முன்வரிசையில் இருத்தினார்கள். படம் முடிந்து வெளியே வந்ததும் அம்மா சொன்னாராம்:

“அந்தப் பிள்ளை நல்லவள் போலக் கிடக்கு. ஆனா எங்கட வீட்டில ஒருத்தரும் அப்பிடிக் கதைக்கிறேல்லை.”

பேச்சில்லாத படம்

ஒரு வருடம் ஒரு விருதுக்கு அக்காவின் பெயர் போனது. குரல் சொந்தமில்லை என்று தள்ளிவிட்டார்கள். அதன் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். தன்னைத் தேடி வந்த ஓர் இயக்குநரிடம், பேச்சு வராத பெண்ணின் கதை ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார். எழுதினார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் ஊமைப் பெண். படம் முழுக்க ஒரு வசனம் இல்லை.

“அதில ஆரும் எனக்குள்ள புகுந்து கதைக்க ஏலாது,” என்றார் அக்கா. “மூச்சு மட்டும்தான். அது என்ர மூச்சு.”

அவர் நடித்ததில் அதுதான் பெரும் வெற்றி. அதற்கு விருதும் கிடைத்தது. அந்தத் துணிவில், அடுத்த படத்தில் நானே பேசுகிறேன் என்று கேட்டார். கம்பனிக்காரர் சிரித்தார். நீ வாயைத் திறந்தால் தியேட்டர் காலி என்றார்.

அக்கா அந்தப் படத்தில் கையெழுத்து வைக்கவில்லை. பேர்லினில் தாதியாக இருந்த தன் தமக்கை தெரேசாவிடம் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். போகவேயில்லை. முதலில் பள்ளிக்கூடங்கள் துப்புரவாக்கினார். பிறகு என் பக்கத்து நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்.

பயிற்சி முடிந்து இரண்டு பேரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். இருபது வருடங்களுக்கு மேல் அங்கே ஓடிப்போனது.

லைப்சிக் போகும் ரயில்

எங்கள் இல்லத்தில் ஒரு முதியவர் இருந்தார். ரயிலில் ரிக்கெற் பரிசோதகராக இருந்தவர். நினைவு கலைந்த பிறகும் வேலையை விடவில்லை. காலையில் சாப்பாட்டு அறை வாசலில் நின்று எல்லோரிடமும் ரிக்கெற் கேட்பார். இது ரயில் இல்லை, போய் இருங்கள் என்றால் கோபம் வந்து கத்துவார்.

அக்கா அவர் முன்னால் போய் நின்று தன் பஸ் அட்டையை நீட்டுவார். ஒவ்வொரு நாளும் வேறு பயணி. ஒரு நாள் அவசரமாக ஓடி வந்த பெண். ஒரு நாள் முதல் முறை ரயில் ஏறும் கிராமத்துக்காரி.

“ஐயா, லைப்சிக்குக்கு நேரத்துக்குப் போயிடுமோ?”

“போகும் அம்மா. உள்ள வந்து இருங்கோ,” என்பார் அவர். பிறகு தானும் வந்து திருப்தியாக இருந்து காலைச் சாப்பாட்டுப் பாணைச் சாப்பிடுவார்.

அவருடைய மகள்தான் யோஹன்னா. ஒரு காலை வாசலில் நின்று இதைப் பார்த்திருக்கிறாள். அக்காவிடம் வந்து, தான் ஒரு படம் எடுக்கப் போவதாகவும் அதில் ஒரு வேடம் தரலாம் என்றும் சொன்னாள்.

“என்ன வேஷம்?”

“முதியோர் இல்லத்துத் தாதி.”

“அதை நான் சம்பளத்துக்குச் செய்யிறன்,” என்று சொல்லிவிட்டு அக்கா சூப் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

யோஹன்னா கெட்டிக்காரி. கோபிக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முடிய வேறொரு வேடத்தோடு வந்தாள். மூன்றாம் மாடியில் தனியே வாழும் ஒரு விதவை. கீழ்வீட்டு இளைஞனோடு எந்நேரமும் சத்தத்துக்காகச் சண்டை. கடைசியில் மாடிப்படியில் வைத்து அவனிடம் உண்மையைச் சொல்கிறாள். அந்த விதவை எந்த நாட்டுக்காரி என்று கதையில் ஒரு இடத்திலும் விளக்கம் இல்லை. பேர்லினில் வாழும் ஒருத்தி, அவ்வளவுதான். அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டு ஓம் என்றார்.

வசனம் பாடமாக்கியது என்னோடு. வேலைக்குப் போகும் பஸ்ஸில்தான் எங்கள் ஒத்திகை. நான் கீழ்வீட்டு இளைஞன். ஒரு காலை அக்கா உண்மையாகவே எழும்பி நின்று என்னைத் திட்டத் தொடங்கினார். முன் இருக்கையில் இருந்த ஒரு டொச்சுக்காரர் திரும்பி, “உங்களுக்கு உதவி ஏதும் வேணுமா?” என்று என்னிடம் கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது சினிமா என்றேன். அவர் நம்பவில்லை. நாங்கள் இறங்கும் வரைக்கும் காவல் போல எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

படப்பிடிப்புக்கு நான் ஒரு நாள் போயிருந்தேன். மாடிப்படிக் காட்சி. அறுபது தாண்டிய அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினார். பிறகு அந்த இளைஞனிடம் சொன்னார்:

“சத்தம் பிடிக்காமல் நான் கத்தேல்லை. நீ ஆரோடயோ சிரிக்கிறாய். அது எனக்குக் கேக்குது.”

டொச் வசனத்தை அவர் தன் தீவின் ராகத்திலேயே சொன்னார். ஏற்றி, இழுத்து, கடைசிச் சொல்லில் மெல்ல இறக்கி. அந்த டொச்சை நான் வேறு யார் வாயிலும் கேட்டதில்லை. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

“அப்ப வெட்டுங்கோ”

படத்துக்குப் பணம் போட்டவர்களுக்கு விளங்கவில்லையாம். பார்வையாளர்கள் சிரமப்படுவார்கள், வேறு நடிகையின் குரலை வைக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். அப்படித்தான் அந்தக் குரல்பதிவு ஸ்ரூடியோவுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இப்ப அழுதது நான் இல்லை என்று அக்கா சொன்ன பிறகு, தன்னுடைய குரலிலேயே அந்தக் காட்சியை ஒரு தரம் போடச் சொன்னார். போட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணும் ஹெட்போனைக் கழற்றாமல் கேட்டாள். முடிந்ததும் அவள் கதவைத் திறந்து எங்கள் பக்கம் வந்தாள்.

“எனக்கு இது எல்லாம் விளங்குது,” என்று யோஹன்னாவிடம் சொன்னாள். தன் ஜாக்கெற்றை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

யோஹன்னாவின் முகம் சிவந்துபோயிருந்தது.

“லிகாயா, நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்திட்டன். குரலை மாத்தாட்டி உங்கட காட்சியள் எல்லாத்தையும் வெட்டச் சொல்லுகினம்.”

அக்கா மணிலாக் கதையை அவளுக்குச் சொன்னார். குரலை உயர்த்தாமல், ஊர்த் தியேட்டரில் அம்மா சொன்ன வசனம் வரைக்கும் சொன்னார். சொல்லி முடித்து எழுந்து நின்றார்.

“அப்ப வெட்டுங்கோ.”

திரும்பி வரும்போது சுரங்க ரயிலில் எனக்கு மனம் கேட்கவில்லை.

“அக்கா, இத்தனை வருஷத்துக்குப் பிறகு கிடைச்சது. ஒருக்கா விட்டுக் குடுத்தால் என்ன? முகமெண்டாலும் தெரியுமே.”

“வாணி, வெட்டினா நான் அந்தப் படத்தில இல்லை. அதோட முடிஞ்சுது. குரலை மாத்தினா நான் அங்க நிண்டும் இல்லாமல் நிப்பன். அந்த வேலையை நான் ஒருக்காச் செய்து முடிச்சிட்டன். இனி ஏலாது.”

விருப்பமில்லாதவர் போல நடிக்க அக்காவுக்கு நன்றாக வரும். அன்று அதைச் செய்யவில்லை. அந்தப் படத்தில் இருக்க அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்று முகத்தில் எழுதியிருந்தது. நான் அவர்மேல் வைத்த மரியாதை அந்த ரயிலில்தான் இரட்டிப்பானது.

பிறகு ஒரு தகவலும் இல்லை. அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்தார். காலையில் ரிக்கெற் காட்டினார். தகப்பனைப் பார்க்க வரும் யோஹன்னாவையும் காணவில்லை.

மரங்களில் இலை வரத் தொடங்கிய ஒரு மத்தியானம் யோஹன்னா வந்தாள். நடைபாதையில் சாப்பாட்டு வண்டியோடு நின்ற அக்காவிடம் மூச்சு வாங்கச் சொன்னாள்.

“உங்கட குரலையே வைக்கச் சம்மதிச்சிட்டினம். ஆனா பாதிக் காட்சியளை வெட்டிப்போட்டினம். என்னால அவ்வளவுதான் ஏலுமாயிருந்தது.”

“மாடிப்படி?”

“அது இருக்குது. முழுசா இருக்குது.”

அக்கா தலையாட்டினார். ஒரு கோப்பையில் சூப் ஊற்றி யோஹன்னாவின் கையில் கொடுத்தார்.

“முதல்ல இதைக் குடி. மெலிஞ்சு போனாய்,” என்றார்.

தியேட்டர் வாசலில்

படம் நொய்கெல்னில் ஒரு சின்னத் தியேட்டருக்கு வந்தது. ஒரு ஞாயிறு பின்னேரம் போனோம். தெரேசா தங்கள் தேவாலயத்துப் பெண்கள் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். பிலிப்பைன்ஸ் பெண்கள் ஒரு வரிசையை நிறைத்திருந்தார்கள். மற்றபடி டொச்சுக்காரர்கள்தான். ஈரக் கோட்டுகளும் சோளப்பொரியும் மணத்தன.

விதவை முதல் தடவை கதவைத் திறந்து திட்டிய இடத்தில் தியேட்டர் சிரித்தது. வசனத்துக்குச் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம்தான் அது. எனக்குப் பக்கத்தில் அக்கா மூச்சை வெளியே விட்டது கேட்டது. மாடிப்படிக் காட்சியில் ஒருவரும் அசையவில்லை. பின்வரிசையில் ஒரு வயதான டொச்சுக்காரி தன் கணவரிடம், “பாவம், அவவுக்குத் தனிமை,” என்று கிசுகிசுத்தார். வேறொன்றும் அவர் விளங்கிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை.

வெளியே வந்ததும் பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர், டோர்ட்மண்டிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்தவர், நரை தொடங்கிய முடி, கையில் பூங்கொத்து. சின்ன வயதில் லிகாயா மொந்தெரோவின் எல்லாப் படங்களையும் பார்த்தவராம். அக்காவை முதல் தடவையாக நேரில் பார்க்கிறார். பூவை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுக் கண் கலங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு யோஹன்னாவின் பக்கம் திரும்பினார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் டொச்சில் கண்டிப்பு இருந்தது.

“நல்ல படம். ஆனா ஏன் இவவுக்கு வேற ஆரையோ கதைக்க வச்சிருக்கிறீங்கள்? இவவின்ர குரல் எங்களுக்குத் தெரியும். சின்னனில இருந்து கேட்ட குரல்.”

யோஹன்னா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். ஒரு கணம் எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா சிரிக்கத் தொடங்கினார். அப்படி அவர் சிரித்து நான் கண்டதில்லை. பூங்கொத்து குலுங்கியது. சிரித்து முடித்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மாடிப்படிக் காட்சியில் கேட்ட அந்த ராகம் மட்டும் தெரிந்தது. ஏற்றி, இழுத்து, கடைசியில் மெல்ல இறக்கி.

அந்தப் பெண்ணின் வாய் திறந்தபடி நின்றது. அவர் அக்காவின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து, கெஞ்சுவது போல ஏதோ கேட்டார்.

“என்ன கேக்கிறா?” என்று தெரேசாவிடம் கேட்டேன்.

“இன்னொருக்காக் கதையுங்கோ எண்டு கேக்கிறா,” என்றார் தெரேசா.

அக்கா கதைத்தார்.